அந்தப் பையில் எந்த வாட்டின் பெயர் எழுதியிருந்தது?

கேள்வி: மிஸ், நாங்கள் கல்முனைக்குக் கிட்ட இருக்கிறோம். எனக்கு 29 வயது, என் கணவருக்கு 36. அவர் ஒரு வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்கிறார். அரசாங்க வேலை இல்லை, குத்தகை எடுத்த கொம்பனிக்குக் கீழே நாட்சம்பளம். வாட்டுகளில் சேரும் பைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் வைப்பார், ஆள் குறைந்த நாட்களில் எரிக்கிற இடத்திலும் நிற்பார். போன சனிக்கிழமை காலை மஞ்சள் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் துளைத்துப் பெருவிரலில் ஏறிவிட்டது. பிதுக்கி இரத்தத்தை எடுத்துவிட்டு டெட்டோல் ஊற்றியிருக்கிறார், வீட்டுக்கு வந்து தேசிக்காயும் மஞ்சளும் பூசினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கவனமில்லாத ஆள் என்று நிற்பாட்டிவிடுவார்களாம். இன்று புதன்கிழமை, எனக்கு நித்திரை இல்லை. எயிட்ஸ் வந்துவிடுமா? எட்டு மாதப் பிள்ளை பால் குடிக்கிறாள். அவருடைய உடுப்பைப் பிள்ளையின் உடுப்போடு துவைக்கலாமா, ஒரே கோப்பையில் சாப்பிடலாமா? எரிக்கிற நாட்களில் இரவில் இருமிக்கொண்டே இருக்கிறார், அதுவும் இதனால்தானா?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் புதன் இரவு ஒன்பது மணிக்குத்தான் என் கண்ணில் பட்டது. இலக்கம் தந்திருந்தீர்கள், அதனால் அப்போதே எடுத்துக் கதைத்தேன். அடுத்தநாள் விடியவே அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள், இரத்தம் எடுத்தார்கள், ஈரல் அழற்சி பி தடுப்பூசியில் முதலாவதைப் போட்டுவிட்டார்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. தொலைபேசியில் அவசரத்தில் சொன்னதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் இதே பைகளைத் தூக்கிக்கொண்டு, இதே பயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் உங்கள் பெரிய பயம். குத்திய ஊசி எச்.ஐ.வி உள்ள ஒருவருக்குப் போட்டதாகவே இருந்தாலும், அப்படிக் குத்துப்பட்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்குத்தான் தொற்றும். எங்கள் நாட்டிலோ வளர்ந்தவர்களில் எச்.ஐ.வி உள்ளவர்கள் ஆயிரத்துக்கு ஒருவரைவிடக் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் நித்திரையைக் கெடுக்க வேண்டிய அளவு பெரியதில்லை அது. சி வகை ஈரல் அழற்சி நூறில் இரண்டுக்கும் குறைவு, அதற்குத் தடுப்பூசி இல்லாவிட்டாலும் இப்போது மூன்று மாதக் குளிசைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு முற்றாகவே சுகமாகிறது. நான் பயப்படுவது பி வகைக்குத்தான். தடுப்பூசி போடாத ஒருவருக்கு பி வைரஸ் உள்ள ஊசி குத்தினால் நூறில் 6 முதல் 30 பேர் வரைக்கும் தொற்றலாம், நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. காய்ந்த இரத்தத்தில்கூட அந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஆனபடியால் 'ஊசி காய்ந்துதானே கிடந்தது' என்ற சமாதானம் சரிவராது.

நாலு நாள் போய்விட்டதே என்று கேட்டீர்கள். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி தடுப்பு மருந்து என்று ஒன்று இருக்கிறது, குத்துப்பட்ட சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது, கடைசி எல்லை 72 மணித்தியாலம், 28 நாள் விடாமல் குடிக்க வேண்டும். ஊசிக்குத்துப்பட்ட சுகாதார ஊழியர்களைப் பற்றி 1997 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிடோவுடீன் என்ற ஒரே ஒரு மருந்தே தொற்றும் ஆபத்தை 81 சதவீதம் குறைத்திருந்தது. இப்போது கொடுப்பவை அதைவிட நல்ல மருந்துகள். அந்த வாசல் சனிக்கிழமை காலையிலிருந்து செவ்வாய் காலைவரை திறந்திருந்தது, அந்த மூன்று நாளும் அவர் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வாயை மூட வைத்தது எது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பி வகைக்கான வாசல் அப்போதும் திறந்திருந்தது. தடுப்பூசியை 24 மணித்தியாலத்துக்குள் போடுவது மிக நல்லது, ஆனால் ஒரு கிழமைக்குள் போட்டாலும் பலன் இருக்கும், தேவை என்று டொக்டர் நினைத்தால் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியையும் அதோடு சேர்ப்பார். அதனால்தான் அன்றிரவு உங்களை அப்படி விரட்டினேன். இலங்கையில் பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசி 2003 இல்தான் தொடங்கியது. உங்கள் கணவர் அதற்கு எத்தனையோ வருடம் முன்னால் பிறந்தவர், நீங்களும்தான். தாதிமாருக்கும் டொக்டர்மாருக்கும் வேலைக்கு வரும்போதே போடுகிறோம். அதே வாட்டிலிருந்து அதே இரத்தம் தோய்ந்த பைகளைத் தூக்குபவர் கொம்பனி ஆள் என்பதால் பல இடங்களில் அவர் ஒருவருடைய பட்டியலிலும் இல்லை. வைத்தியசாலை கொம்பனியைக் காட்டும், கொம்பனி வைத்தியசாலையைக் காட்டும். எனக்கு இதை எழுதும்போதே கோபம் வருகிறது. மூன்றே மூன்று ஊசி, இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று, அவ்வளவுதான். குப்பைப் பையில் கை வைக்கும் முதல் நாளுக்கு முன்பே முதலாவதைப் போட்டிருக்க வேண்டும்.

இனி இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஊசி குத்தினால் பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், குளோரினும் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவினால் போதும். பிதுக்குவதால் பலன் இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை, காயத்தைச் சுற்றியுள்ள தோல்தான் நசியும். தேசிக்காயும் மஞ்சளும் எங்கள் அம்மாமார் அன்போடு செய்வது, அதை நான் கேலி செய்ய மாட்டேன், ஆனால் தேசிக்காய்ப் புளி காயத்தை எரிக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. கண்ணுக்குள் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ஷிப்ட் முடியட்டும் என்று நிற்க வேண்டாம். தனியார் கிளினிக்கிலோ பல் வைத்திய நிலையத்திலோ இரத்தப் பரிசோதனைக் கூடத்திலோ வேலை செய்பவர் என்றாலும் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எச்.ஐ.வி மருந்துக்கும் பரிசோதனைக்கும் பாலியல் நோய் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள், யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று. அங்கே வேலை செய்பவர்களுக்கு ஊசிக்குத்துப்பட்டு வருபவர் புதியவர் இல்லை, காசும் வாங்குவதில்லை, விஷயம் வெளியிலும் போகாது.

குத்துப்பட்ட உடன் எடுக்கும் அந்த முதல் இரத்தப் பரிசோதனை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கணவர் அதைத்தான் வேண்டாம் என்று நின்றார். 'நாலு நாளில் எதுவும் தெரியாது, பிறகு ஏன் குத்துவான்' என்று கேட்டாராம். நாலு நாளில் தெரியாது என்பது உண்மை. அந்தப் பரிசோதனை காட்டுவது குத்துப்படுவதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதை. இன்று எல்லாம் இல்லை என்று வந்து, கடவுளே வரக்கூடாது, ஆறு மாதத்தில் ஒன்று வந்தால், அது வேலையில்தான் வந்தது என்று காட்ட உங்கள் கையில் இருக்கும் ஒரே கடதாசி அதுதான். அது இல்லாவிட்டால் எங்கேயோ போய் வாங்கிக்கொண்டு வந்தான் என்ற கதைதான் மிஞ்சும், நான் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டின் பிரதியை வாங்கிப் பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள், அந்தக் கொப்பி எந்த வீட்டிலும் தொலைவதில்லை. திரும்ப ஆறு கிழமையில் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை, ஆறாம் மாதம் ஒருமுறை என்று டொக்டர் திகதி தருவார்.

சரி, முறைப்பாட்டுக்கு வருவோம். இப்போதாவது எழுத்தில் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எந்த விரல், பக்கத்தில் யார் நின்றது, அரைப் பக்கம் போதும். இரண்டு பிரதி எழுதி ஒன்றைக் கொம்பனிக்கும் மற்றதை வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தருக்கும் கொடுங்கள், கொடுத்ததற்கு உங்கள் பிரதியில் ஒரு கையெழுத்து வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எங்கள் நாட்டில் வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, வேலையில் வந்த காயத்துக்கும் சில தொழில் நோய்களுக்கும் நட்டஈடு கேட்க அது வழி வைத்திருக்கிறது, நாட்சம்பளக்காரர் என்பதற்காக அந்த வழி அடைபடாது. அவர் அங்கே வேலை செய்பவர் என்பதற்கு ஆதாரம்தான் முக்கியம். சேமலாப நிதி இலக்கம், சம்பளத் துண்டு, வரவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்து உள்ள பக்கத்தின் படம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். சேமலாப நிதி கட்டவே இல்லை என்றால் அது தனியாக ஒரு முறைப்பாடு, தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். ஊசி குத்தியதைச் சொன்ன ஒரே காரணத்துக்காக ஒருவரை நிற்பாட்டினால் அதையும் அங்கேயே சொல்லலாம். பயம் எனக்கு விளங்குகிறது, தங்கச்சி. நாட்சம்பளத்தில் பிள்ளைக்குப் பால்மா வாங்கும் வீட்டுக்கு 'பயப்படாதே' என்று சும்மா சொல்வது ஆறுதல் இல்லை. அதனால்தான் கடதாசிகளைச் சேர்க்கச் சொல்கிறேன்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைப்பது. அவருக்கு கவனமில்லை என்று சுப்பவைசர் சொல்வார் என்று எழுதியிருந்தீர்கள். மஞ்சள் பைக்குள் ஊசி இருக்கவே கூடாது. இலங்கையில் வைத்தியசாலைக் கழிவுக்கு நிறம் பிரித்திருக்கிறார்கள், தொற்றுக் கழிவுக்கு மஞ்சள், ஊசி, பிளேட் போன்ற கூரானவற்றுக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி, சாதாரணக் குப்பைக்குக் கறுப்பு. மஞ்சள் பையில் பஞ்சு, பன்டேஜ், இரத்தம் பட்ட கோஸ், இப்படி மெதுவானவைதான் வரலாம். ஊசி அந்தப் பைக்குள் தானாக நடந்து வராது. ஒருவர் போட்டார். போட்டவர் தாதியோ, பயிற்சித் தாதியோ, டொக்டரோ, அவர் அதைப் போட்ட அந்த நொடியில் உங்கள் கணவரின் பெருவிரல் காயப்பட்டுவிட்டது, சனிக்கிழமை காலையில் நடந்தது அதன் மிச்சம்.

இதை நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன், நான் தாதியாக வேலைக்கு வந்து இரண்டாவது வருடம், ஓர் இரவு ஷிப்டில் விபத்தில் அடிபட்ட மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். ஒருவருக்கு இரத்தம் எடுத்தேன், அடுத்தவர் கத்துகிறார், ஊசியைப் பஞ்சோடு தட்டில் வைத்துவிட்டு ஓடினேன், பிறகு அந்தத் தட்டை அப்படியே மஞ்சள் பைக்குள் கவிழ்த்தேன். ஊசிப் பெட்டி வாட்டின் மற்ற அந்தத்தில் இருந்தது. காலை ஆறரைக்கு, குப்பை எடுக்கிற அக்கா, ஐம்பது வயதிருக்கும் அவவுக்கு, பையைத் தூக்கி நடக்கும்போது அது காலில் உரசியிருக்கிறது. என்னிடம் வந்து நின்றா. 'மிஸ், ஒரு பிளாஸ்டர் இருக்கா?' என்று மட்டும்தான் கேட்டா. கெண்டைக்காலில் ஒரு சின்னப் பொட்டு இரத்தம். பை எந்த வாட்டிலிருந்து வந்தது என்று அவவுக்குத் தெரியாது, ஏனென்றால் ஐந்து வாட்டின் பைகளும் ஒரே மாதிரி, ஒரே வண்டியில். எனக்குத் தெரிந்திருந்தது. நான் அன்று உடனே சொல்லவில்லை, அடுத்த நாள்தான் பொறுப்புத் தாதியிடம் சொன்னேன். அக்காவுக்குப் பரிசோதனைகள் செய்தார்கள், ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லாம் இல்லை என்று வந்தது. அந்த ஆறு மாதமும் அவ வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டால் நான் மருந்து அறைக்குள் போய்விடுவேன். தொற்றுக் கட்டுப்பாட்டு வேலையை நான் கேட்டு வாங்கியது அதனால்தான்.

அந்த வேலைக்குப் போய் நான் முதலில் செய்தது மிகச் சின்னது, காசு செலவே இல்லாதது. ஒவ்வொரு பையையும் கட்டும்போது அதன்மேல் வாட்டின் இலக்கம், திகதி, கட்டியவரின் முதலெழுத்து, மார்க்கர் பேனையால் எழுத வேண்டும். எழுதாத பையைத் துப்புரவு ஊழியர் தொடத் தேவையில்லை, அது வாட்டிலேயே கிடக்கட்டும் என்று சொன்னேன். முதல் கிழமை என்னோடு சண்டை பிடித்தார்கள். ஒரு மாதம் போகப் பைக்குள் ஊசி வருவது அருமையாகிவிட்டது. தன் பெயர் எழுதிய பையில் யாரும் ஊசியைப் போட விரும்புவதில்லை. ஊசிப் பெட்டியையும் நோயாளியின் கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தோம், போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடுவதை நிறுத்தினோம், பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மூடச் சொன்னோம், நிறைந்து வழியும் பெட்டிக்குள் இன்னோர் ஊசியை அமத்தும்போது தாதியின் கையிலேயே குத்தும், அதுவும் நடக்கிறதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வைத்தியசாலைக் குப்பையில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டுக் குப்பை மாதிரிச் சாதாரணமானது, 15 சதவீதம்தான் ஆபத்தானது. வாட்டில் வடிவாகப் பிரித்தால் உங்கள் கணவர் பயந்து தூக்க வேண்டியது அந்தப் பதினைந்தை மட்டும்தான். பிரிக்காமல் கலந்துவிட்டால் சோற்றுப் பார்சலும் யோகட் கோப்பையும்கூட ஊசிக் குப்பை ஆகிவிடும்.

கையுறையைப் பற்றி. வாட்டில் நாங்கள் போடும் மெல்லிய கையுறை அவருக்கு உதவாது. தடித்த, முழங்கைக்குக் கிட்ட வரும் ரப்பர் கையுறை வேண்டும், காலுக்கு மூடிய பூட்ஸ், செருப்போடு போகவே கூடாது. இருந்தும் எந்தக் கையுறையும் ஊசியை முழுக்க நிறுத்தாது, ஊசியின் வெளிப்பக்கத்து இரத்தத்தில் கொஞ்சத்தைத் துடைத்துவிடும், அந்த அளவுக்கு ஆபத்து குறையும். அதனால் பையைத் தூக்கும் விதம்தான் முக்கியம். கழுத்துப் பக்கம் கட்டிய இடத்தில் பிடித்து, உடம்பில் முட்டாமல் தள்ளிப் பிடிக்க வேண்டும், அடியில் கை கொடுக்கக் கூடாது, நெஞ்சோடு அணைக்கக் கூடாது, இடம் காணவில்லை என்று காலால் மிதிக்கக் கூடாது, எறியவும் கூடாது. பை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தால் கட்டவும் முடியாது, பிடிக்கவும் முடியாது, அப்போது எல்லாரும் அடியில்தான் கை கொடுப்பார்கள். அவர் பெருவிரலில் குத்தியது என்று வாசித்தவுடன் நான் நினைத்தது அதைத்தான், பை நிறைந்திருக்க வேண்டும்.

கையுறையும் ஏப்ரனும் கொடுத்தாலும் போடுகிறார்கள் இல்லை என்று பொறுப்பாளர்கள் குறைப்படுவார்கள். ஆடியில், கச்சான் காற்று வீசும் நாளில், பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே ரப்பர் ஏப்ரனோடு கால் மணித்தியாலம் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பைகளை எடுக்கும் நேரத்தை விடியவும் பின்னேரத்துக்கும் மாற்றினால், நடுவில் தண்ணீர் குடிக்க இடம் கொடுத்தால், கைகழுவ அங்கேயே ஒரு குழாயும் சவர்க்காரமும் வைத்தால் போடுவார்கள். குழாய் இல்லாத, கழிவு வைக்கும் கொட்டில்கள் இப்போதும் இருக்கின்றன. அங்கே எலியும் வரும், எலிச் சிறுநீர் பட்ட ஈரத்தில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சலும் வரும், அதற்கும் பூட்ஸ்தான் மருந்து. வெக்கையான எங்கள் ஊரில் தொற்றுக் கழிவை 24 மணித்தியாலத்துக்கு மேல் சேர்த்து வைக்கவும் கூடாது.

இருமலுக்கு வருகிறேன். ஆம், புகையால் இருக்கலாம். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோய் நோயாளிகளின் கழிவோடும் அவர் வேலை செய்கிறார், இதைத் தள்ளிப் போடாதீர்கள். புகையைப் பற்றிச் சொன்னால், சேலைன் குழாய், இரத்தப் பை போன்ற பி.வி.சி பிளாஸ்டிக்கைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையொக்சின் என்ற நஞ்சு வரும், அது எரிய 850 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பீப்பாவிலோ குழியிலோ மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கும் நெருப்பு அந்தச் சூட்டுக்குக் கிட்டவும் போகாது, அப்படி எரிக்கச் சொன்னால் மாட்டேன் என்று அவர் சொல்வதில் பிழையில்லை. முகத்தில் கட்டும் துணியோ சத்திரசிகிச்சை முகக்கவசமோ அந்தப் புகையைத் தடுக்காது. முறையான எரியூட்டி என்றாலும் மூடிய மருந்துக் குப்பிகளும் ஆஸ்துமா பம்பின் உலோகக் குப்பியும் உள்ளே போனால் வெடிக்கும், பாதரச வெப்பமானி போனால் நஞ்சு ஆவி வரும், கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்போது முகத்தை மூடும் கண்ணாடிக் கவசம் இல்லாமல் நிற்கவே கூடாது. அடுத்தது சாம்பல். எரிந்த பிறகும் ஊசி ஊசியாகவே கிடக்கும், வைரஸ் செத்திருக்கும், கூர் சாகாது. ஆறிய பிறகு மண்வெட்டியால்தான் அள்ள வேண்டும், கையால் இல்லை.

எரிக்க முடியாவிட்டால் புதைக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் மணல் எங்களுடையது. மாரியில் கிணற்றில் கையாலேயே தண்ணீர் மொள்ளலாம். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் குறைந்தது ஒன்றரை மீற்றர் இடைவெளி வேண்டும் என்பது விதி, எங்கள் கரையோரத்தில் மார்கழியில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? 2011 தை வெள்ளத்தில் ஓர் இடத்தில் கட்டிய மஞ்சள் பைகள் மிதந்து வேலிப் பக்கம் போனதை நான் கண்டேன், பிள்ளைகள் அந்த வெள்ளத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கழிவு வைக்கும் அறையை வெள்ளம் ஏறாத உயரத்தில் கட்ட வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வது அந்தக் காட்சியால்தான். தனியார் கிளினிக்குகள் பிரதேச சபை உழவு இயந்திரத்தில் ஊசியைப் போட்டு அனுப்புவதும் சட்டப்படி பிழை. 2008 பெப்ரவரி 1 இல் வந்த 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியின்படி சுகாதாரக் கழிவு அட்டவணைப்படுத்திய கழிவு, அதைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

உங்கள் வீட்டு விஷயம். ஒரே கோப்பையில் சாப்பிடுங்கள். ஒரே பாயில் படுங்கள். அவர் பிள்ளையைத் தூக்கட்டும், கொஞ்சட்டும், அதனால் இந்த வைரஸ் எதுவும் தொற்றாது. நீங்கள் கடிதம் எழுதிய அன்று அவர் பிள்ளையைத் தொடாமல் திண்ணையில் படுத்ததாகச் சொன்னீர்கள், இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். சவரக் கத்தியும் பல் துலக்கும் தூரிகையும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும், அது எல்லா வீட்டுக்கும் நல்லது. மூன்றாம் மாதப் பரிசோதனை வரும் வரைக்கும் ஆணுறை பாவியுங்கள், டொக்டர் சரி என்று சொல்லும் வரைக்கும் அவர் இரத்ததானம் செய்யாமல் இருக்கட்டும். நீங்கள் பால் கொடுப்பதால் இது உங்களுக்கு இன்னும் முக்கியம், பாலை நிறுத்தத் தேவையில்லை. பிள்ளைக்கு இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் போட்ட ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குள் பி வகைக்கான மருந்தும் இருக்கிறது, மூன்றும் போட்டிருந்தால் அந்தப் பக்கம் அவள் பாதுகாப்பாக இருக்கிறாள். நீங்கள் இல்லை, உங்களுக்கும் தடுப்பூசி போடுவது பற்றி டொக்டரிடம் கேளுங்கள். வேலை உடுப்பை அங்கேயே கழற்றித் தனிப் பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், சவர்க்காரத் தூளும் சூடான தண்ணீரும் போட்டுத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். அதற்கு முதல் சட்டைப் பைக்குள் கை விடாமல் வெளியே தட்டிப் பாருங்கள். குளோரின் போட்டால் கழிவறைக்கு ஊற்றும் அசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், அந்த வாயு நெஞ்சைப் பிடித்துவிடும்.

வீட்டில் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடும் வாசகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சின்ன ஊசி நீங்கள் வாசலில் வைக்கும் பொலித்தீன் பைக்குள் போனால், விடியற்காலை அதைத் தூக்குபவரின் கையில்தான் போய் நிற்கும். மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில், பாத்திரம் கழுவும் திரவம் வந்த போத்தல் நல்லது, சேர்த்து வையுங்கள், முக்கால்வாசி வந்ததும் இறுக்கி மூடி, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய் எங்கே கொடுப்பது என்று அங்குள்ள தாதியிடம் கேளுங்கள்.

தங்கச்சி, இரண்டாவது ஊசிக்கு ஒரு மாதம் இருக்கிறது, கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மூன்றாவது ஆறாம் மாதம், அதை மறக்கிறவர்கள்தான் கூட. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்யலாம், பத்துக்கு மேல் இருந்தால் போதும். இடையில் காய்ச்சல், கண் மஞ்சளாதல், சாப்பாடு பிடிக்காமல் போதல் ஏதும் வந்தால் திகதியைப் பார்க்காமல் போங்கள். பிறகு, அவரிடம் ஒன்று கேட்டு எனக்கு எழுதுங்கள்: சனிக்கிழமை தூக்கிய அந்தப் பை எந்த வாட்டிலிருந்து வந்தது, அதில் ஏதாவது எழுதியிருந்ததா? தெரிந்தால் அவருடைய பெயரைச் சொல்லாமல் அங்குள்ள தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியோடு நான் கதைக்கிறேன். எழுதியிருக்கவில்லை என்றாலும் கதைக்கிறேன்.